பேட்டுக்குப் பவுடர் போட்டவர்

தேவநாதனுக்கு டேபிள் டென்னிஸ் ஆடத் தெரியாது. விளையாட்டுக்குக்கூட ஒரு பந்தைத் தட்டிப் பார்த்தவரில்லை. ஆனால் தொண்ணூறுகளில் விருத்தாசலத்தில் அந்த ஆட்டம் ஆடிய யாரைக் கேட்டாலும் தேவநாதனைத் தெரியும். பெயரைச் சொல்லும்போதே ஒரு சிரிப்பும் வரும். அதில் அவருக்கு மனத்தாங்கல் எதுவும் இருந்ததில்லை. "சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க" என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவார்.

பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு தனியார் யூனிட்டில் அவருக்கு வேலை. மோல்டு பிரிவு. கரண்டு கம்பத்தில் வைக்கிற இன்சுலேட்டர், டீக்கடைக் கப்பு, ஊறுகாய் ஜாடி என்று எதற்கும் முதலில் பிளாஸ்டரில் செய்த மோல்டு வேண்டும். அதில் மண்ணை அடைப்பதற்கு முன்னால், மாக்கல்லை அரைத்த வெள்ளைப் பொடியைத் துணியில் மூட்டையாகக் கட்டி உள்பக்கமெல்லாம் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் மண் பிடித்துக்கொள்ளும். எடுக்கும்போது ஜாடியின் காது மோல்டோடு நின்றுவிடும். வேலை முடிந்த பிறகு மோல்டுகளைத் துடைத்து, மறுபடியும் பொடி தட்டி, ஜோடி சேர்த்து அடுக்கி வைக்க வேண்டும். சூளைக்காரர்களும் மெருகு பூசுகிறவர்களும் இதை ஒரு வேலையாகவே மதிக்கவில்லை. தேவநாதன் மதித்தார். அவர் பொடி தட்டிய மோல்டைக் கையில் வாங்கிப் பார்த்தால் பொடி கண்ணுக்குத் தெரியாது. விரலை வைத்தால் மட்டும் வழுக்கும்.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மழைக்காலம் முடிந்ததும் குடையை உலர்த்தி மடிப்பு மடிப்பாகப் பொடி தட்டுவார். சைக்கிளின் மாற்று டியூபுக்குத் தட்டுவார். ரெயின்கோட்டைச் சுருட்டி வைக்கும் முன் தட்டுவார். யாரிடமும் சொல்லிக்கொண்டு செய்வதில்லை. செய்த பிறகும் சொல்வதில்லை.

1987இல் அவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் வெண்மதி. அவளுடைய அப்பா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். ஜங்ஷனுக்குப் பக்கத்தில் ரயில்வேக்காரர்களின் மன்றத்தில் ஒரு டேபிள் இருந்தது. அப்பாவின் டூட்டி முடியும்வரை அங்கே காத்திருந்த நேரங்களில் அவள் ஆடக் கற்றுக்கொண்டாள். கல்லூரியில் பி.எஸ்சி. படித்தபோது மாவட்ட அளவில் ஆடினாள். பெண் பார்க்க வந்தபோது, "கல்யாணத்துக்கப்புறமும் ஆடுவேன்" என்று அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். தேவநாதன், "ஆடறதுல என்னா இருக்குது" என்றார். அவ்வளவுதான் பேச்சு. கல்யாணமாகி வந்த பிறகு, வாரத்தில் பல நாள் சாயங்காலம் அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மன்றத்துக்குப் போவார். அவள் ஆடி முடிக்கும்வரை வெளியே மதில்மேல் உட்கார்ந்து, வருகிற போகிற ரயிலைப் பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே வந்து பார்க்கமாட்டார். "நான் பாத்தா ஒனக்குக் கூச்சமா இருக்கும்" என்பார். கூச்சம் அவருக்குத்தான் என்று வெண்மதிக்குத் தெரியும்.

அவருடைய அம்மா கொளஞ்சியம்மாளுக்கு இதைப் பற்றிப் பேச நிறைய இருந்தது.

"பூரிக்கட்ட புடிக்கிற கையில பந்துக்கட்டயப் புடிச்சிக்கிட்டு எம் மருமவ போறா. பின்னாலயே எம் புள்ள போறான், தண்ணி பாட்டிலத் தூக்கிக்கிட்டு."

"பூரி நேத்துதான சுட்டேன், அத்தே."

"சுட்ட. நல்லாத்தான் இருந்துச்சி. அதனாலதான் கேக்கறன், அந்தக் கைய ஏன் வீணாக்குற?"

வெண்மதியின் ஆட்டம் காத்திருக்கிற ஆட்டம். எதிராளி அடித்தால் பின்னால் போய் எடுத்துப் போடுவாள். அடிக்காவிட்டால் மெல்லத் தள்ளுவாள். பந்து வலைக்கு ஒட்டினாற்போல் போய் விழும். எதிராளி பொறுமை இழந்து தப்பாக அடிக்கும்வரை தள்ளிக்கொண்டே இருப்பாள். கல்லூரியில் எல்லாரும் இதற்காகக் கிண்டல் செய்தார்கள். ரயில்வே குட்ஸ் ஆபீஸில் கிளார்க்காக இருந்த ஜெயராஜுக்கு இது கிண்டலாக இல்லை, கவலையாக இருந்தது. அவர் பெரம்பூரில் இருந்தபோது நன்றாக ஆடியவர். இப்போதும் மாதத்துக்கு ஒரு தடவை மெட்ராஸ் போய்வருவார். விருத்தாசலத்தில் யாருக்குப் பேட்டில் ஒட்டுகிற ரப்பர் வேண்டுமென்றாலும் அவர்தான் வாங்கி வருவார்.

1990இல் கடலூரில் ஒரு பொதுத்துறை அலுவலகம் விளையாட்டு ஒதுக்கீட்டில் பெண்களுக்கு இரண்டு இடம் அறிவித்தது. தேர்வுப் போட்டியில் ஃபைனலுக்கு வருகிற இரண்டு பேருக்கும் வேலை. வயது வரம்பு அந்த வருடத்தோடு வெண்மதிக்கு முடிந்தது. அடுத்த வருடம் அறிவித்தாலும் அவள் போக முடியாது. யூனிட்டுகளில் அப்போது வேலை நிலையில்லை. ஆர்டர் இருந்தால் சூளை எரியும். இல்லாவிட்டால் தேவநாதன் வாரக்கணக்கில் வீட்டில் இருப்பார். அதனால் அந்த வேலை என்பது அவர்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்த விஷயமாயிற்று.

"தள்ளிக்கிட்டே இருந்தீன்னா செலக்ஷன் கமிட்டி தூங்கிப்புடும்மா" என்றார் ஜெயராஜ். "இந்த ரப்பர் ஒனக்கு ஆவாது. தேஞ்சி வழவழன்னு போச்சி. ஸ்பாஞ்சும் மெல்லிசு. தடுக்கறவங்களுக்கு அது சரி. அடிக்கணும்னா தடிச்ச ஸ்பாஞ்சு வேணும், மேல்பக்கம் பந்தப் புடிச்சி இழுக்கணும். சீனா ரப்பர் ஒண்ணு கொண்டாரன். ஒரு பக்கம் போதும், ஃபோர்ஹேண்டுக்கு."

"எனக்கு அடிக்க வராது, சார்."

"வர வச்சிக்கலாம்."

வர வைத்துக்கொள்ள ஜெயராஜின் பேட்டை இரவல் வாங்கி இரண்டு மாதம் பயிற்சி செய்தாள். பந்தை உரசி மேலே தூக்கிச் சுழற்றி அடிக்கிற அடி ஒருவழியாகக் கைக்கு வந்தது. பிடித்து வந்ததா என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது.

போட்டிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஜெயராஜ் வீட்டுக்கே ரப்பரோடு வந்தார். பேட்டின் ஒரு பக்கத்துப் பழைய கறுப்பு ரப்பரை மூலையில் பிடித்து மெல்ல உரித்தார்கள். மரத்தில் ஒட்டியிருந்த பசையை விரலால் உருட்டி உருட்டி எடுத்தார்கள். மறுபக்கத்துச் சிவப்பு ரப்பர் பழசுதான், அதைத் தொடவில்லை. சைக்கிள் கடையில் பஞ்சருக்குப் போடுகிற சொல்யூஷனை மரத்துக்கும் ஸ்பாஞ்சுக்கும் மெல்லிசாகத் தடவி, வெயில் படாத இடத்தில் காயவிட்டார்கள். வாசனை வீடெல்லாம் நிறைந்தது.

"எவன் வூட்டு சைக்கிளுக்குப் பஞ்சரு?" என்று கேட்டுக்கொண்டே கொளஞ்சியம்மாள் உள்ளே வந்தாள். ஜெயராஜ் அவளிடம் பூரிக்கட்டையைக் கேட்டார். பிடிப் பக்கத்திலிருந்து ரப்பரைப் படியவைத்து, பூரிக்கட்டையால் காற்றுக் குமிழ் இல்லாமல் உருட்டினார். கொளஞ்சியம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இப்ப அந்தக் கட்டையும் அதுக்கே போச்சா" என்றாள்.

ஓரத்தை பிளேடால் வெட்டியதும் ஜெயராஜ் பந்தை ரப்பர்மேல் வைத்துப் பேட்டைக் கவிழ்த்துக் காட்டினார். பந்து விழாமல் ஒரு நொடி தொங்கிப் பிறகு விழுந்தது. "பாத்தியா, எப்படிப் புடிக்குதுன்னு? போட்டி வரைக்கும் தொடாத. பசை நல்லா இறுகட்டும். கடலூர்ல கடக்காத்து, ஈரம் இருக்கும். கொஞ்சம் வழுக்கினா துடைச்சிட்டு ஆடு" என்று சொல்லிவிட்டுப் போனார். வெண்மதி பேட்டை ரெக்ஸின் உறையில் போட்டு பீரோவின் மேல் வைத்தாள்.

இரண்டு நாள் கழித்து சாயங்காலம், அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது, பீரோவின் மேலிருந்து எதையோ எடுக்கப் போன தேவநாதன் அந்த உறையைத் திறந்து பார்த்தார். புது ரப்பர் உறையின் உள்துணியோடு பிடித்துக்கொண்டிருந்தது. பிரித்தபோது மெல்லிய சத்தத்தோடு பிரிந்தது. துணியின் நூல்கள் இரண்டு மூன்று அதில் ஒட்டி நின்றன. இப்படியே விட்டால் போட்டியன்று எடுக்கும்போது ரப்பர் உறையோடு பிய்ந்துகொண்டு வந்துவிடும். நூல்களை ஒவ்வொன்றாக எடுத்தார். பொடி மூட்டையை எடுத்து வந்து அளவாகத் தட்டினார். மென்மையான பிரஷால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவிவிட்டார். உபரியை ஊதினார். மறுபடி நீவினார். கறுப்பு ரப்பர் முன்பு இருந்தது போலவே கறுப்பாக இருந்தது. சிவப்புப் பக்கம் ஒட்டவில்லை. அதை அவர் தொடவில்லை. உறையில் போட்டு எடுத்துப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு வந்தது. திருப்தியாக இருந்தது.

வெண்மதி வந்ததும் ரேஷன் அரிசியைப் பற்றிப் பேசினார்கள். குடையை மடித்து வைத்ததை யாராவது பெண்டாட்டியிடம் சொல்லிக்கொண்டிருப்பார்களா?

போட்டியன்று ஜெயராஜுக்கு லீவு கிடைக்கவில்லை. தேவநாதன்தான் கூடப் போனார். அரங்கத்துக்கு வெளியே உட்கார மதில் எதுவும் இல்லாததால் முதல் தடவையாக உள்ளே வந்து, பக்கவாட்டுப் பெஞ்சில் தண்ணீர்ப் பாட்டிலோடு உட்கார்ந்தார். மொத்தம் எட்டுப் பெண்கள். வெண்மதியின் முதல் சுற்று எதிராளி வரவேயில்லை. ஆகவே அவள் நேராக அரையிறுதிக்குப் போனாள். எதிரே நெய்வேலியிலிருந்து வந்த சௌந்தர்யா. இருபது வயது இருக்கும். அடிக்கிற பெண். மூன்று கேமில் இரண்டை ஜெயிப்பவருக்கு ஃபைனல். ஃபைனலுக்குப் போனால் வேலை.

தொடங்குமுன் பந்தைத் தட்டிப் பார்த்தபோதே ஏதோ சரியில்லை. சுழற்றி அடித்த பந்து மேலே எழும்பாமல் வலையில் போய் முட்டியது. கடல்காற்று என்று நினைத்து உள்ளங்கையால் ரப்பரைத் துடைத்தாள். பதற்றம் என்றும் நினைத்தாள். கேம் ஆரம்பித்தது. அவள் உரசினால் பந்து ரப்பர்மேல் சறுக்கியது. பலமாக அடித்தால் கீழே போயிற்று. இரண்டு மாதமாகப் பழகிய அடி ஒன்றுகூடக் கேட்கவில்லை. சௌந்தர்யா முதல் கேமை 21–9 என்று முடித்துவிட்டாள்.

வெண்மதி பெஞ்சுக்கு வந்து தண்ணீர் குடித்தாள். கட்டைவிரலைக் கறுப்பு ரப்பரில் வைத்து அழுத்தித் தேய்த்தாள். விரல்நுனியை வெளிச்சத்தில் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. சுட்டுவிரலோடு சேர்த்து உரசிப் பார்த்தாள். அந்த வழுக்கல் அவளுக்குத் தெரிந்த வழுக்கல். மூன்று வருடமாக அவள் குடையிலும் ரெயின்கோட்டிலும் தொட்டது.

"ஏங்க, பேட்டுக்குப் பவுடர் போட்டீங்களா?"

"ஆமாம். உறையில ஒட்டிக்கிட்டுக் கெடந்துச்சி. பிஞ்சிடும்னு போட்டன்." அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "ஏன், போடக்கூடாதா?"

அவளுக்கு முதலில் வந்தது கோபம். அடுத்த நொடி அழுகை. இரண்டையும் விழுங்கிக்கொண்டாள். ஆட்டத்தின் நடுவில் பேட்டை மாற்ற முடியாது. ஈரத்துணியால் துடைத்தால் பொடி குழைந்து இன்னும் மோசமாகும். அவர் கையால் நீவிய பொடி சுலபத்தில் போகாது என்பது வேறு யாரையும்விட அவளுக்குத் தெரியும்.

"அந்த ரப்பர் ஒட்டறதுக்குன்னே வாங்குனதுங்க. ஒட்டினாத்தான் பந்து சொன்னபடி கேக்கும்."

தேவநாதன் தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகினார், திறந்தார், மறுபடி திருகினார். "இப்ப என்னா செய்யறது?" என்றார் மிகச் சின்னக் குரலில்.

"ஒண்ணும் செய்யாதீங்க. உக்காருங்க."

அடிப்பது இனி நடக்காது என்று ஆனதும் அவள் தோள் இறங்கியது. இரண்டு மாதமாக விறைப்பாக வைத்திருந்த தோள். பேட்டைத் திருப்பிப் பிடித்தாள். பழைய சிவப்பு ரப்பர் ஃபோர்ஹேண்டுக்கு வந்தது. பொடி போட்ட கறுப்பு பின்கைப் பக்கம் போயிற்று. மேசையை விட்டு நன்றாகப் பின்னால் தள்ளி நின்றாள்.

சௌந்தர்யா வழக்கம்போலச் சுழற்றி அடித்தாள். வெண்மதி பின்கையால் சும்மா ஏந்திக் கொடுத்தாள். வழுக்குகிற ரப்பர் பந்தின் சுழற்சியை நிறுத்தவுமில்லை, மாற்றவுமில்லை. வந்த சுழற்சி அப்படியே தங்கிவிட்டது. அடித்தவளிடம் திரும்பிப் போகும்போது அது அவளுக்கு எதிர்ச் சுழற்சி. சௌந்தர்யா சாதாரணப் பந்து என்று நினைத்து அடித்தாள். பந்து வலையின் அடியில் விழுந்தது. இன்னும் பலமாகச் சுழற்றினாள். இன்னும் கனமாகத் திரும்பி வந்தது. வெண்மதிக்கே முதலில் புரியவில்லை. நாலைந்து பந்து போன பிறகு புரிந்தது. அதன் பிறகு அவள் எதிராளி சுழற்றி அடிப்பதற்குத் தோதாகவே தேடித் தேடிப் பந்தைப் போட்டுக் கொடுத்தாள். இரண்டாவது கேம் அவளுக்கு வந்தது.

நெய்வேலிப் பெண்ணோடு வந்திருந்த கோச் எழுந்து நடுவரிடம் போனார். "பேட்டுல என்னமோ தடவியிருக்காங்க சார். பந்து வரதே வேற மாதிரி இருக்குது."

நடுவர் பேட்டை வாங்கிப் பார்த்தார். தடவினார். முகர்ந்தார். "என்னம்மா இது?"

வெண்மதி வாயைத் திறக்கும் முன் தேவநாதன் எழுந்து நின்றுவிட்டார். "நான்தான் சார் போட்டன். மாக்கல்லுப் பொடி. மோல்டுக்குத் தட்டுறது. ஒட்டிக்கக் கூடாதுன்னு போட்டன். அதுக்குத் தெரியாது சார். அதுமேல ஒண்ணும் சொல்லாதீங்க."

நடுவர் தன் கைக்குட்டையால் ரப்பரை அழுத்தித் துடைத்துப் பார்த்தார். கைக்குட்டையில் ஒன்றும் வரவில்லை. கோச்சைப் பார்த்துச் சொன்னார்: "எல்லாரும் பந்து புடிக்கணும்னு பேட்டுக்கு எதையாவது செய்வாங்க. இவரு புடிக்கக் கூடாதுன்னு செஞ்சி, பொண்டாட்டி மொத கேம தோத்துட்டாங்க. இதுல நான் யார்மேல சார் நடவடிக்கை எடுக்கறது?" கோச்சே சிரித்துவிட்டார். ஆட்டம் தொடர்ந்தது.

மூன்றாவது கேமில் சௌந்தர்யா தெளிந்துவிட்டாள். சுழற்றுவதை விட்டு மெல்லத் தள்ள ஆரம்பித்தாள். சுழற்சி இல்லாத பந்தைக் கறுப்பு ரப்பர் ஒன்றும் செய்யவில்லை. இனி யார் காத்திருப்பது என்பதுதான் ஆட்டம். இந்தப் பக்கம் வெண்மதி தள்ளினாள், அந்தப் பக்கம் சௌந்தர்யா தள்ளினாள். பந்து போய்வந்துகொண்டே இருந்தது. பார்த்துக்கொண்டிருந்த கமிட்டிக்காரர் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். வெண்மதிக்கு அது தெரிந்தது, உறுத்தவில்லை. சின்ன வயதிலிருந்து அவளுக்கு வருகிற ஒரே வேலை இது. 18–18இல் சௌந்தர்யாவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. கொஞ்சம் உயரமாக வந்த ஒரு பந்தை ஆசையோடு அடித்தாள். மேசையைத் தாண்டிப் போயிற்று. அடுத்ததையும் அடித்தாள். அதுவும் போயிற்று. கடைசிப் பந்தை வெண்மதி தள்ளினாள். அது வலையைத் தொட்டுக்கொண்டு அந்தப் பக்கம் விழுந்தது. சௌந்தர்யா ஓடி வந்தாள், எட்டவில்லை.

ஃபைனலில் வெண்மதி சுலபமாகத் தோற்றாள். அது யாருக்கும் முக்கியமில்லை.

பஸ்ஸில் குறிஞ்சிப்பாடி தாண்டிய பிறகு தேவநாதன், "அந்தப் பொண்ணு அழுதுச்சா?" என்று கேட்டார்.

"கை கழுவுற எடத்துல அழுதுச்சி."

"வயசு இருக்குது. அடுத்த வருஷம் வரும்" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "நீ தோத்திருந்தா நான் என்னா பண்ணியிருப்பன்னு தெரியல" என்றார். வெண்மதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வந்துவிடும், சிரித்தால் அழுகையும் வந்துவிடும் என்றிருந்தது.

கதை ஊருக்குள் அவர்களுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது. மன்றத்தில் நாலைந்து பேர் தங்கள் பேட்டுக்குப் பொடி தட்டித் தரச் சொல்லி யூனிட்டு வாசலில் வந்து நின்றார்கள். ஜெயராஜே ஒரு தடவை தட்டிக்கொண்டு ஆடி, தன்னைவிட மட்டமாக ஆடுகிறவர்களிடமெல்லாம் தோற்றார். "தேவா, ஒம் பொடி ஒம் பொண்டாட்டிக்கு மட்டும்தான் வேல செய்யுது" என்றார். பிறகு வெண்மதியின் ஆட்டத்துக்கென்றே, பிடிக்காத மேல்தோலும் மெல்லிய ஸ்பாஞ்சும் உள்ள ரப்பர் ஒன்றை மெட்ராஸிலிருந்து வாங்கி வந்து கொடுத்தார். அடிக்கச் சொல்லி அவளிடம் மறுபடி கேட்கவில்லை. அவள் அலுவலக அணிக்காக ஏழு வருடம் பின்னால் நின்றே ஆடினாள்.

வேலை கடலூரில். விடிகாலைப் பாசஞ்சரில் போய் இருட்டும்போது வருவாள். மகள் பிறந்த பிறகு தேவநாதன் ஷிப்டு மாற்றிக்கொண்டார். பிள்ளைக்குத் தலை வாரிப் பள்ளிக்கு அனுப்புவது, குழம்பு வைப்பது எல்லாம் அவர் கைக்கு வந்தது. கொளஞ்சியம்மாள் அதற்கும் ஏதோ சொன்னாள்; குழம்பைச் சாப்பிட்ட பிறகு சொல்வதை நிறுத்திக்கொண்டாள். வெளியூர்ப் போட்டி எதுவானாலும் கூட வந்தார். ஆட்டத்தின் கணக்கு அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. வெண்மதி பெஞ்சுக்கு வரும்போது, "யாரு ஜெயிக்கறது?" என்று அவளையே கேட்பார்.

1997இல் ஒரு மத்தியானம், மோல்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் களைப்பாக இருக்கிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர் டீ வாங்கி வந்து கொடுத்தபோது வாங்கிக்கொள்ளவில்லை. முப்பத்தாறு வயது. நெஞ்சுவலி என்று முன்னால் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லிக்கொண்டு செய்கிற ஆளும் இல்லை அவர்.

அடுத்த வருடம் யூனிட்டையே மூடினார்கள். வீட்டில் வந்துகொண்டிருந்தது வெண்மதியின் சம்பளம் மட்டும்தான். அதில் மகள் படித்தாள், கொளஞ்சியம்மாளுக்குக் கண் ஆப்பரேஷன் நடந்தது. ஆனால் இதெல்லாம் பிறகு. காரியம் முடிந்து, எடுத்த லீவும் முடிந்து, முதல் நாள் வேலைக்குப் போக அவள் ஜங்ஷனுக்கு வந்தபோது இருட்டு இன்னும் விலகவில்லை. தினமும் வருகிற பெண்கள் அதே பெட்டியில் இருந்தார்கள். ஒருத்தி மடியிலிருந்த பூக்கூடையைக் கீழே இறக்கி வைத்தாள். மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். வெண்மதி அந்த இடத்தில் போய் உட்கார்ந்தாள். ரயில் கிளம்பியது.